தரியா தௌலத் பாக்: திப்புவின் தோட்ட மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மைசூருக்குச் சுற்றுலா போகும் தமிழ்க் குடும்பங்கள் வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரைநாள் இறங்குவது வழக்கம். அரங்கநாதரைச் சேவித்துவிட்டு, ஓட்டுநர் "திப்பு அரண்மனை" என்று காட்டும் கட்டடத்தை இருபது நிமிடத்தில் சுற்றி முடித்து, "இவ்வளவுதானா?" என்று திரும்பி வருகிறவர்கள் பலர். போவதற்கு முன்பும் போய்வந்த பின்பும் உறவினரும் நண்பரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

தரியா தௌலத் பாக் எங்கே இருக்கிறது? யார் கட்டியது?

காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுவதால் உண்டான தீவுதான் ஸ்ரீரங்கப்பட்டணம். தீவின் மேற்கு முனையில் கோட்டையும், அதனுள் அரங்கநாதசுவாமி கோயிலும் இருக்கின்றன. கோட்டையை விட்டுக் கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வந்தால், ஆற்றங்கரைத் தோட்டத்தின் நடுவில் இந்த மாளிகை நிற்கிறது. மைசூரை ஆண்ட ஹைதர் அலி காலத்தில் தொடங்கிய வேலை, அவர் மகன் திப்பு சுல்தான் ஆட்சியில் 1784இல் நிறைவடைந்தது. ஆங்கிலேயருடன் நடந்த இரண்டாம் மைசூர்ப் போர் மங்களூர் உடன்படிக்கையுடன் முடிந்ததும் அதே ஆண்டில்தான். சுவர்களில் போர்க்காட்சிகள் ஏன் இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பதற்கு இந்தக் காலப் பொருத்தமே பாதி விடை.

இன்று இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம்.

அரண்மனை என்கிறார்கள், ஆனால் படுக்கையறை, சமையலறை, அந்தப்புரம் ஒன்றையும் காணோமே?

குடியிருக்கும் அரண்மனையாக இது கட்டப்படவில்லை என்பதே காரணம். அரசர் வெயில் காலத்தில் வந்து காற்றோட்டமாக அமர்வதற்கும், வந்தவர்களைச் சந்திப்பதற்கும், தோட்டத்தைப் பார்த்தபடி இளைப்பாறுவதற்கும் ஏற்ற தோட்ட மாளிகை இது. திப்பு குடியிருந்த பேரரண்மனையான லால் மஹால் கோட்டைக்குள், அரங்கநாதர் கோயிலுக்கு அருகில் இருந்தது. திப்பு வீழ்ந்த 1799க்குப் பிறகு அதை ஆங்கிலேயர் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

ஆகவே மைசூர் அரண்மனையைப் பார்த்த கண்ணோடு இங்கே வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். மைசூரில் இன்று நாம் பார்ப்பது 1912இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம். அதையும் இதையும் பருமனில் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

பெங்களூரில் ஒரு திப்பு கோடை அரண்மனை பார்த்தோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. பெங்களூரில் கிருஷ்ணராஜேந்திரச் சந்தைக்கு அருகில் இருப்பது ஹைதர் தொடங்கித் திப்பு 1791இல் முடித்தது. அங்கும் தேக்குத் தூண்களும் மாடங்களும் உண்டு என்பதால் நிழற்படங்களில் ஒன்றுபோலத் தோன்றும். இணையத்தில் ஒன்றின் படத்தை மற்றொன்றின் பெயரில் போட்டிருப்பதையும் அடிக்கடி காணலாம். பிரித்தறிய எளிய வழி சுவர்கள். பெங்களூரில் பூ வேலைப்பாடுகள் மட்டுமே எஞ்சியுள்ளன. தரையிலிருந்து கூரைவரை மனிதரும் குதிரையும் யானையும் நிறைந்திருந்தால் அது ஸ்ரீரங்கப்பட்டணம்.

நேரமும் கட்டணமும் எப்படி? இலங்கையிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு அதிகக் கட்டணமா?

காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். தொல்லியல் துறையின் இரண்டாம் பிரிவு நினைவுச்சின்னங்களுக்குரிய கட்டணமே இங்கும்: இந்தியருக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300 ரூபாய். கட்டணம் அவ்வப்போது மாற்றப்படுவதால் புறப்படும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. சார்க், பிம்ஸ்டெக் என்ற அண்டை நாட்டுக் கூட்டமைப்புகளைச் சேர்ந்த நாடுகளின் குடிமக்களுக்கும் இந்தியருக்கான கட்டணமே. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதைக் காட்டி உள்ளூர்ச் சீட்டே வாங்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதே சலுகை உண்டு. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் வெளிநாட்டுக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது வசதி?

சென்னையிலிருந்து மைசூர் செல்லும் ரயில்கள் பெங்களூர் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கடந்துதான் போகின்றன. ஆனால் எல்லா ரயில்களும் அங்கே நிற்பதில்லை. மைசூரில் இறங்கிக்கொண்டு, 15 கிலோமீட்டர் தூரத்தை அடிக்கடி ஓடும் பேருந்தில் கடப்பதே கவலையற்ற வழி. கோவை, ஈரோடு பக்கத்திலிருந்து சாலை வழியாக வருகிறவர்கள் திம்பம் மலைப்பாதையிலும், உதகையிலிருந்து வருகிறவர்கள் பந்திப்பூர்க் காட்டுவழியிலும் இரவுப் போக்குவரத்துத் தடை இருப்பதை மறக்கக் கூடாது. பந்திப்பூரில் இரவு 9 மணிக்கு அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள்.

அரங்கநாதர் கோயிலில் நண்பகலுக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள். ஆகையால் கோயிலைக் காலையில் முடித்துக்கொண்டு மாளிகைக்கு வருவது சரியான வரிசை. மாளிகைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஏன் அவ்வளவு நேரம் என்பதைப் பின்வரும் விடைகள் சொல்லும்.

கட்டடக் கலையில் இங்கே என்னதான் கவனிக்க வேண்டும்?

முதலில் மேடை. தரைமட்டத்திலிருந்து ஆளின் மார்பளவுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் அகன்றதொரு மேடையும், அதன் விளிம்பைச் சுற்றி மரத்தூண்களும், தூண்களுக்கும் சுவருக்கும் இடையே நாற்புறமும் ஓடும் திறந்த தாழ்வாரமும், அதன்மேல் சாய்வாக இறங்கும் கூரையுமாக, வெளியிலிருந்து பார்க்கையில் கட்டடம் உயரத்தைவிட அகலத்தையே நாடுகிறது. தொலைவிலிருந்து சுவரே தெரியாது. பச்சைத் தட்டிகளும் நிழலும்தான் தெரியும். பாதைக்கு வெளியே புல்வெளியில் நின்று பார்த்தால் இந்த அமைப்பு நன்றாகப் பிடிபடும்.

அடுத்தது உள்ளமைப்பு. நீள்சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு அறைகள், நடுவே கிழக்குத் தாழ்வாரத்தையும் மேற்குத் தாழ்வாரத்தையும் இணைக்கும் மண்டபம். கிழக்கிலும் மேற்கிலும் முழுச் சுவர்கள் உள்ளன. மற்ற இரு பக்கங்களில் சுவர் உள்வாங்கி, கூரையைத் தூண்கள் தாங்கும் திறந்த இடைவெளிகள் அமைந்திருக்கின்றன. மூலைகளில் அறையும் நடுவில் கூடமுமாகத் தோட்ட மாளிகை கட்டும் முறை பாரசீகத்தில் வேரூன்றி முகலாயர் வழியே தெற்கே வந்தது. இசுபகானில் 1669இல் எழுந்த ஹஷ்த் பிஹிஷ்த் மாளிகையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே செங்கலும் ஓடும் செய்த வேலையை இங்கே மைசூர்க் காட்டுத் தேக்கு செய்கிறது.

மேல்தளத்துக்குப் போகும் படிக்கட்டு எங்கே என்று தேடிப் பாருங்கள். உடனே கண்ணில் படாது. மண்டபத்தையும் அறைகளையும் பிரிக்கும் நான்கு சுவர்களுக்குள் நான்கு குறுகிய படிக்கட்டுகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். இதனால் கூடத்தில் ஓர் அங்குலமும் வீணாகவில்லை, ஓவியத்துக்கான சுவர்ப்பரப்பும் குறையவில்லை. மேல்தளம் பார்வையாளருக்குப் பொதுவாகத் திறக்கப்படுவதில்லை. ஆனால் அங்கிருந்து எட்டிப் பார்க்கும் மாடங்களைக் கீழிருந்தே காணலாம்.

தூண்களுக்கு இடையே வளைவுகள் இருக்கின்றனவே, அவைதான் கூரையைத் தாங்குகின்றனவா?

இல்லை. இதழிதழாக வெட்டிய அந்த வளைவுகள் அழகுக்காக இட்டவை. பாரத்தை ஏற்பது தூணும் அதன்மேல் கிடக்கும் உத்தரமும்தான். நம் ஊர்ப் பழைய வீடுகளின் முற்றத்துத் தூண் செய்யும் வேலையும் இதுவே. கல்லால் கட்டிய முகலாய வளைவின் தோற்றத்தை மரத்திலும் சாந்திலும் வரவழைத்திருக்கிறார்கள். தூண்களின் வடிவத்தையும் பாருங்கள்: அடியில் தாமரை இதழ் போன்ற குமிழ், அதன்மேல் வரிவரியாகக் குடைந்து மேலே செல்லச் செல்ல ஒடுங்கும் உடல். ஷாஜகான் காலம் முதல் வடக்கே சலவைக்கல்லில் செய்யப்பட்ட தூணின் மர வடிவம் அது.

அண்ணாந்து பார்க்கவும் மறக்க வேண்டாம். விதானத்தில் பூவேலை நேரடியாக மரத்தில் தீட்டப்படவில்லை. துணியில் தீட்டி மரப்பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.

மரக் கட்டடம் இத்தனை காலம் மழைக்கும் கரையானுக்கும் எப்படித் தாங்கியது?

தேக்கு இயல்பாகவே கரையானுக்கு எளிதில் இடம் கொடுக்காத மரம். அதோடு, மேலே சொன்ன மேடை ஆற்றங்கரையின் ஈரத்திலிருந்து மரத்தைத் தூக்கி வைக்கிறது. சாய்கூரை சாரலைச் சுவருக்கு வரவிடாமல் தடுக்கிறது. தாழ்வாரத்தின் அகலத்தை ஒருமுறை நடந்து அளந்து பாருங்கள். சுவரோவியம் இன்றுவரை நிற்பதற்கு அந்த அகலம் பெரிய காரணம். இப்போது தொங்கும் தட்டிகள் வெயிலின் கூச்சத்திலிருந்து நிறங்களைக் காக்கின்றன. "எல்லாம் இருட்டாக இருக்கிறது" என்று குறைப்படுகிறவர்கள் ஓரிரு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும்.

மேற்குச் சுவரில் வெள்ளைக்காரர்களை வெட்டுகிறார்களே, அது எந்த யுத்தம்?

1780 செப்டம்பர் 10ஆம் நாள் நடந்த பொள்ளிலூர்ப் போர். ஆங்கிலேயரின் ஏடுகளில் பொள்ளிலூர் என்று எழுதப்பட்டது, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள நம் புள்ளலூர். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவரில் இத்தனை பெரிதாக வரையப்பட்டிருப்பது தொண்டைமண்டலத்து வயல்வெளி என்பதை உடன் வருகிறவர்களிடம் சொன்னால், அதுவரை அலட்சியமாக நடந்துகொண்டிருந்தவர்களும் நின்றுவிடுகிறார்கள்.

நிகழ்ந்தது இது. கர்னல் வில்லியம் பெய்லி ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படையுடன் வடக்கே குண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்த சர் ஹெக்டர் மன்றோவின் பெரும்படையுடன் சேர்வது திட்டம். சேர்வதற்குள் திப்புவும், பின்னர் முழுப்படையுடன் ஹைதரும் வளைத்துக்கொண்டார்கள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதும் போரின் போக்கு முடிவாயிற்று. வெடிப்புக்குக் காரணம் பீரங்கிக் குண்டா, மைசூர்ப் படையின் ராக்கெட்டா என்பதில் எழுதியவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உதவிக்கு வராத மன்றோ, தம் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். பெய்லி கைதியாக ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுவரப்பட்டு, 1782இல் இங்கேயே இறந்தார்.

புள்ளலூர் என்றால் பல்லவர் காலப் போர் நடந்த அதே ஊரா?

அதே ஊர்தான். மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. காஞ்சிக்கு வடக்கிலிருந்து வரும் படை நகரை நெருங்கும் வழியில் ஊர் அமைந்திருப்பதால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் அங்கே மீண்டும் படைகள் மோதியதில் வியப்பில்லை. இன்று அவ்வூரில் நிற்கும் இரு ஆங்கிலேய நினைவுத்தூண்களைப் பெய்லியின் தோல்வியோடு இணைத்துப் பேசுவார்கள். அவை 1781 ஆகஸ்டில் அதே இடத்தில் நடந்த இரண்டாவது போரில் இறந்த அதிகாரிகளுக்கு உரியவை.

ஒரே கூட்டமாக இருக்கிறது. ஓவியத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மேற்குச் சுவரின் வாயிலுக்கு எதிரே நின்றுகொள்ளுங்கள். வலப்பக்கத்தில் ஹைதரும் திப்புவும் படை நடத்திச் செல்லும் அணிவகுப்புகள். இடப்பக்கத்தில் புள்ளலூர்ப் போர். போர்க்காட்சியில் முதலில் பெய்லியைத் தேடுங்கள். காயம்பட்டுப் பல்லக்கில் உட்கார்ந்திருப்பவர் அவர். விரலை வாயருகே கொண்டுபோயிருக்கும் அவரது கலக்கம் ஒன்றிலேயே ஓவியர் தோல்வி முழுவதையும் சொல்லிவிட்டார். அவரைச் சுற்றிச் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்திருக்க, அச்சதுரத்துக்குள் வெடிமருந்து வெடிக்கிறது. இருபுறமும் குதிரைப்படை அலையலையாக நெருங்குகிறது. மைசூர்ப் படையிலிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலி தொலைநோக்கியும் கையுமாக இருக்கிறார்.

பெய்லியின் முகத்தைப் பார்த்த கையோடு திப்புவின் முகத்தைப் பாருங்கள். தலைகள் உருளும் களத்தில் அவர் மலரை முகர்ந்தபடி, தோட்டத்தில் உலாவுகிறவர் போல அமைதியாக இருக்கிறார். அரசனுக்குரிய நிதானத்தைக் காட்டும் பழைய மரபு இது. கூட்டணியில் இருந்தும் காலம் தாழ்த்தி வந்த ஹைதராபாத் நிஜாமின் படையை ஓவியர் கேலி செய்திருக்கும் பகுதியும் உண்டு. "வந்தபோது பசு, போனபோது பன்றி" என்று அங்குள்ள வழிகாட்டிகள் அதற்கு விளக்கம் சொல்வார்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால் அந்தப் பசுவையும் பன்றியையும் தேடச் சொல்லுங்கள்.

கிழக்குச் சுவரில் தஞ்சாவூர் ராஜா இருக்கிறாராமே, அவர் ஏன் இங்கே?

இருக்கிறார். ஐந்து வரிசைகளாக அமைந்த அந்தச் சுவரில் அக்கால அரசர்களும் பாளையக்காரர்களும் தத்தம் தர்பாரில் வீற்றிருக்கிறார்கள். தஞ்சை அரசர், ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, காசி அரசர், பேஷ்வா பாலாஜி ராவ், சித்திரதுர்க்கத்து மதகரி நாயக்கர், மாகடிக் கெம்பேகௌடா, சித்தூர் ராணி ஆகியோர் அடையாளம் சொல்லப்படுகிறவர்கள். வாலாஜா ஆங்கிலேயரின் தோழர், ஹைதருக்குப் பரம எதிரி. மதகரி நாயக்கரின் நாட்டைப் பறித்தவர் ஹைதர். ஆகவே இவர்கள் அனைவரும் நண்பர்கள் என்ற பொருளில் வரையப்படவில்லை. தென்னாட்டு அரசியலில் யார் யார் இருந்தார்கள் என்பதைத் தம் சுவரில் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பட்டியலில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் சேர்க்கப்படுகிறார். அவர் பிறந்தது 1794இல். திப்பு வீழ்ந்தபின் ஐந்து வயதில் அரியணையில் அமர்த்தப்பட்டவர். திப்பு கட்டிய மாளிகைச் சுவரில் அவர் எப்படி அரசராக வீற்றிருக்க முடியும் என்ற கேள்வி அடுத்த விடைக்கு இழுத்துச் செல்கிறது.

அப்படியானால் இவை திப்பு காலத்து ஓவியங்களே இல்லையா?

திட்டமும் காட்சியமைப்பும் அவர் காலத்தவை; இன்று நம் கண்ணில் படும் வண்ணப்பூச்சில் பெரும்பகுதி பிற்காலத்தது. 1799 முற்றுகைக்கு முன்பே போரோவியம் அழிக்கப்பட்டிருந்தது. கோட்டை வீழ்ந்தபின் இந்த மாளிகையில் குடியேறிய கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் கோமகனான அதே மனிதர், அதைப் புதுப்பிக்கச் செய்தார். அதன்பிறகு மறுபடியும் வெள்ளையடிக்கப்பட்டு ஏறத்தாழ மறைந்தே போயிற்று. மைசூர்ப் பயணத்தின்போது அதைப் பார்த்த தலைமை ஆளுநர் டல்ஹௌசி, மூல ஓவியம் நினைவில் இருந்த உள்ளூர் ஓவியர் ஒருவரைக் கொண்டு திரும்ப வரைவித்தார்.

தோற்றவர்களே தங்கள் தோல்வியின் படத்தை இருமுறை பணம் செலவழித்து மீட்டிருக்கிறார்கள் என்பது விசித்திரம்தான். மீட்டபோது எவ்வளவு மாறியது என்பதை ஓரளவு கணிக்க ஒரு வழி உண்டு. இதே போர்க்காட்சியைத் தாளில் வரைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்ககாலப் பிரதிகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 32 அடி நீளமுள்ள ஒன்று 2022இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்கு விலைபோயிற்று. பல்லக்கில் பெய்லி, வெடிக்கும் வண்டி, சதுர அணி என முக்கியக் கூறுகள் அதிலும் இவ்வாறே உள்ளன. எனவே சுவரில் இருப்பதை நம்பலாம். ஒவ்வொரு முகத்தின் கோடும் 1784ஆம் ஆண்டினது என்று சத்தியம் செய்ய வேண்டாம்.

படம் சொல்வதை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா?

நிகழ்ந்த போரைப் பற்றியது, ஆனால் வென்றவரின் சுவரில் வென்றவருக்காக வரைந்தது. பெய்லியின் படையில் மிகப்பெரும்பான்மையினர் இந்தியச் சிப்பாய்கள் என்பதை இந்தக் காட்சியிலிருந்து ஊகிப்பது கடினம். அடுத்த ஆண்டு போர்கள் ஹைதருக்குச் சாதகமாக அமையாததும் சுவரில் வரவில்லை. எந்த நாட்டு அரண்மனையிலும் இதுதான் நடைமுறை; லண்டன் ஓவியர்கள் 1799க்குப் பிறகு வரைந்து தள்ளிய திப்பு வீழ்ச்சிப் படங்களையும் இதே எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும்.

உள்ளே படம் எடுக்கலாமா? அருங்காட்சியகத்தில் என்ன இருக்கிறது?

தோட்டத்தில் எடுக்கலாம், மாளிகைக்குள் எடுக்கக் கூடாது. உள்ளறைகளில் திப்பு கால நாணயங்கள், ஓவியங்கள், வரைபடங்கள் முதலியன வைக்கப்பட்டுள்ளன. தாமஸ் ஹிக்கி என்ற அயர்லாந்து ஓவியர் பென்சிலால் தீட்டிய திப்புவின் குடும்பத்தினர் உருவங்கள் நின்று பார்க்கத் தக்கவை. கூட்டம் அருங்காட்சியகப் பெட்டிகளை மொய்க்கும். அந்த நேரத்தில் தாழ்வாரத்துச் சுவர்கள் உங்களுக்குத் தனியாகக் கிடைக்கும்.

கோட்டை அரண்மனையை இடித்தவர்கள் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

வெல்லெஸ்லி இங்கே குடியிருந்தார் என்பதே பெரிய காரணம் என்று கருதுகிறேன். ஆள் புழங்கும் கட்டடத்தை யாரும் மரத்துக்காகப் பிரிப்பதில்லை. மற்றவற்றுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. தீவின் கிழக்கு முனையில் லால் பாக் தோட்டத்திலிருந்த இன்னொரு அரண்மனையின் தேக்குதான் உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்களாக ஏறியது என்று அந்தத் தேவாலயத்தின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1830இல் அர்ப்பணிக்கப்பட்ட அத்தேவாலயத்துக்கு உதகை போகிறவர்கள் சென்று, தரியா தௌலத்தின் உத்தரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

திப்பு இறந்தது இந்த மாளிகையிலா? கும்பஸுக்கும் போக வேண்டுமா?

1799 மே 4ஆம் நாள் அவர் வீழ்ந்தது கோட்டைக்குள், நீர்வாயிலுக்கு அருகில். அங்கே அடையாளக்கல் இருக்கிறது. உடல் அடக்கம் செய்யப்பட்டது, தந்தைக்காக அவர் எழுப்பிய கல்லறை மண்டபமான கும்பஸில். மாளிகையிலிருந்து கிழக்கே ஆட்டோவில் சில நிமிடத் தொலைவு. அவசியம் போங்கள். மெருகேற்றிய கருங்கல் தூண்களையும், தந்தம் பதித்த கதவுகளையும் பார்க்கலாம். அக்கதவுகளை அளித்தவரும் மேலே சொன்ன டல்ஹௌசிதான். கும்பஸ் வளாகத்துக்கு அருகிலேயே பெய்லிக்கு அவருடைய உறவினர் 1816இல் எழுப்பிய நினைவுமண்டபம் உள்ளது. ஓட்டுநர்கள் தாமாக அங்கே நிறுத்துவதில்லை. பெயர் சொல்லிக் கேட்டால் காட்டுவார்கள்.